இல்லையென்று ஆட்டிய தலை

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பிறகு எழும்பி நடப்பவன் என்பதால் என்னிடம் பலர் விசாரிக்கிறார்கள். வரும்போது வலிக்குமா, முன்பே தெரியுமா, குடித்தால்தான் வருமா, குடிக்காதவர்களுக்கும் வருமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லப் போனால் சில சொற்கள் இன்றைக்கும் நாக்கில் இடறுகின்றன. அதைவிட, வாயால் சொல்லும்போது ஓரிடத்தை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறேன். எழுதினால் தாண்ட முடியாது என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் உடப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன். விஞ்ஞான ஆசிரியராக இருந்து, பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றேன். ஈரல் என்ன வேலை செய்கிறது, இரத்தம் எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன். நான் குடிக்கிறேன் என்பது ஊரில் அநேகருக்குத் தெரியாது. சாராயத் தவறணைப் பக்கம் போனதேயில்லை. என் மனைவி பாக்கியத்தின் தம்பி மாரிமுத்து கரைவலைத் தொழில் செய்தவன். கடற்கரையில் வலையும் கயிறும் போட்டுவைக்கும் அவனுடைய வாடிதான் என் இடம். காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். தொடக்கத்தில் சனிக்கிழமைகளில் மட்டும். பிறகு கிழமையில் இரண்டு மூன்று நாள். கடைசியில், எந்த நாளில் குடிக்கவில்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அளவாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லதென்று ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டு மாரிமுத்துவுக்கு விளக்குவேன். அந்த அளவு எவ்வளவு என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை.

"அத்தான், இது மருந்து என்டா ஏன் ஒளிச்சு வந்து குடிக்கிறீங்க?" என்று அவன் சிரிப்பான். "அக்காகிட்டச் சொன்னா கரண்டியில ஊத்தித் தருவாவே."

எனக்குப் பிறஷர் இருந்தது. கிளினிக்கில் குளிசை தந்திருந்தார்கள். குளிசையும் சாராயமும் ஒத்துப்போகாது என்று நானாகவே முடிவு செய்து, குடிக்கிற நாளில் குளிசையை விட்டுவிடுவேன். குடிக்கிற நாட்கள் கூடக் கூடக் குளிசை போடும் நாட்கள் குறைந்தன. விஞ்ஞானம் படிப்பித்தவன் செய்த காரியம் இது.

அது யுத்த காலம். எங்கள் ஒரே மகன் கொழும்பில் வேலை செய்தான். ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், சில நாள் வைத்திருந்துவிட்டு விடுவித்தார்கள். அந்த நாட்களில் பாக்கியம் அம்மன் கோயிலில் விழுந்து நேர்ந்துகொண்டாள். பிள்ளை உயிரோடு வந்தால், அவன் இந்த நாட்டை விட்டுப் போய்ச் சேரும்வரை ஒவ்வோர் ஆடியிலும் தகப்பன் காப்புக் கட்டித் தீ மிதிப்பார் என்பது நேர்த்தி. பிள்ளை வந்தான். நான் காப்புக் கட்டினேன்.

காப்புக் கட்டினால் மீன் மச்சம் இல்லை, பாயில் படுக்கை, கோயிலே கதி. குடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நான் இடைக்கிடை ஒரு சொட்டு எடுப்பேன் என்பது பாக்கியத்துக்குத் தெரியும். மணம் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் மஞ்சள் நூல் கையில் ஏறினால் தொடமாட்டேன் என்று முழுமனதாக நம்பினாள்.

முதல் வருடம் உண்மையாகவே நிறுத்தினேன். இரண்டாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. அடுத்த நாள் வியர்த்துக் கொட்டி, சுவரில் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எறும்பு இல்லை. பயந்துபோய் வாடிக்கு ஓடினேன். மாரிமுத்து என் கையையும் நூலையும் பார்த்தான். ஊற்றித் தந்தான். குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. என் உடம்புக்கு இது தேவை, அம்மன் பொறுப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் காப்போடு குடித்தேன். திருநீற்று மணமும் கற்பூர மணமும் மற்ற மணத்தை மறைத்துவிடும். காப்புக் கட்டியவனுக்குக் கிட்ட வந்து யாரும் மோந்து பார்ப்பதும் இல்லை.

நோய் வந்த வருடம், தீ மிதித்த அன்று மாலை வழமையைவிட அதிகம் குடித்தேன். கடமை முடிந்த சந்தோசம். காப்பு அவிழ்க்கிற சடங்கு அடுத்த நாள்தான்.

காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தேன். அது தானாக நழுவி விழுந்தது. வலி எதுவும் இல்லை. கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன். வலித்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். வலதுகை எனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள்போலத் தொடையில் கிடந்தது. பாக்கியத்தைக் கூப்பிட்டேன். நான் நினைத்தது அவளுடைய பெயரை. வாயில் வந்தது ஏதோ ஒரு சத்தம்.

"விரதக் களைப்பு," என்று அவள் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அது கடைவாயால் ஒழுகியபோதுதான் கத்தினாள்.

வான் பிடித்துப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். எனக்கு இறங்க முடியவில்லை. ஒரு பொலிஸ்காரன் குனிந்து கோணிய வாயையும் ஒழுகும் எச்சிலையும் பார்த்து, "பீலாத?" என்றான். குடித்திருக்கிறானா என்று கேட்டான். பாக்கியம் என் வலதுகையைத் தூக்கி நூலைக் காட்டிச் சிங்களத்தில் அவனைப் பேசினாளே ஒரு பேச்சு! அவன் அடையாள அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போகச் சொல்லிவிட்டான். அன்று என்னைச் சரியாகக் கணித்த ஒரே மனிதன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் வயதுக்காரர், சிங்களவர். தமிழ் கொஞ்சம் விளங்கும். காலைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு பாக்கியத்திடம் திரும்பினார்.

"அரக்கு பொனவாத?"

சாராயம் குடிப்பாரா என்பது கேள்வி. பாக்கியம் சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள். "ஐயோ டொக்டர், இவர் காப்புக் கட்டின ஆள். இந்தாங்க, கையப் பாருங்க. நேத்துத்தான் தீ மிதிச்சார். தொடவே மாட்டார்."

டொக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். நான் அதிபர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். தினமும் குடிக்கும் பழக்கம் உண்டா? உண்டென்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இது முக்கியம், என்றார்.

கேள்வி எனக்கு விளங்கியது. பேச்சு போயிருந்தாலும் கேட்பது எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது. பாக்கியம் என் வலதுகையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தாள். அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. ஆனால் அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி ஒன்று அடைத்திருக்கலாம், அல்லது குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம் என்றார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எதுவென்று அறிய ஸ்கான் எடுக்க வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். காயம்பட்டவர்கள் வந்துகொண்டிருந்த காலம், அம்புலன்ஸ் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்றார்கள். இதயத் துடிப்பைக் கடதாசியில் கீறிப் பார்த்து, தாளம் ஒழுங்கில்லை என்று முகம் சுளித்தார். ஒரு நேர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து நூலை வெட்டப் போனாள். பாக்கியம் தடுத்துவிட்டாள். ஊசியை இடதுகையில் ஏற்றினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான முஸ்லிம் மனிதர் கிடந்தார். அவருக்கும் பாரிசவாதம்தான். மகன் ஹனீபா கூடவே இருந்தான். யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, கரைத்தீவுப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் இருக்கிற குடும்பம்.

"எங்க வாப்பா சாராயத்தக் கண்ணாலயும் பார்த்ததில்ல அக்கா," என்று அவன் பாக்கியத்திடம் சொன்னான். "அஞ்சு வேளயும் தொழுற மனுசன். அவருக்கும் வந்திட்டே. பிறஷர்க் குளிசைய ஊர விட்டு ஓடி வாறப்ப உட்டதுதான். அல்லாஹ்ட நாட்டம்."

"அதானே தம்பி," என்றாள் பாக்கியம். "டொக்டர் என்னமோ குடியப் பத்திக் கேக்கிறார். நல்ல மனுசருக்கும் வாறதுதானே."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆண்கள் வாட்டில் பெண்கள் தங்க முடியாது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் பாக்கியம் போய்விடுவாள். மாரிமுத்துதான் என்னோடு கிடந்தான். சேலைன் போத்தலைக் காட்டி, "இத மாத்தி ஊத்தினா நல்லாருக்கும், என்ன அத்தான்?" என்று பகிடி விட்டான். என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். இரண்டாம் நாள் என் இடதுகை கட்டில் சட்டத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அவன் பகிடி நின்றுவிட்டது. கையைப் பிடித்து அமர்த்திப் பார்த்தான். அது அமரவில்லை. காதருகே குனிந்தான்.

"அத்தான், இது அந்த நடுக்கம்தான். நான் டொக்டர்கிட்டச் சொல்லட்டா? அக்கா இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்றன்."

நான் பக்கவாட்டில் தலையை ஆட்டினேன்.

"கட்டாயமா வேணாமா?"

திரும்பவும் ஆட்டினேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் யாரும் என்னை மன்னிக்க முயல வேண்டாம். அந்த நடுக்கம் என்னவென்று அந்த வாட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். முதல் வருடத்து எறும்புகளை நான் மறந்திருக்கவில்லை.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் அது வந்தது. அதை நான் நினைவிலிருந்து பாதியும் மற்றவர்கள் சொல்லிப் பாதியுமாக எழுதுகிறேன். சேலைன் குழாய் கரைவலைக் கயிறாகிச் சுவரெல்லாம் ஊர்ந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஆமிக்காரர்கள். என் மகனைக் கேட்டார்கள். நான் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இறங்கப் பார்த்தேனாம். பாக்கியம் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். மகனைக் கேட்டவர்களில் ஒருவன் என்னைப் பிடித்துவிட்டான் என்றுதான் நான் கண்டேன். இருந்த ஒரு கையால் முழுப் பலத்தோடும் தள்ளினேன். அவள் ஹனீபாவின் வாப்பா கிடந்த கட்டிலின் இரும்புச் சட்டத்தில் போய் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முறிந்த சத்தம் தனக்குக் கேட்டதென்று ஹனீபா பிறகு சொன்னான்.

என்னைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். மூளையில் இரத்தக் கசிவு கூடிவிட்டது என்று டொக்டர் நினைத்தார். அப்படித்தான் நினைக்க முடியும். குடிப்பழக்கம் இல்லை என்றல்லவா எழுதியிருந்தது. எப்படியாவது கொழும்புக்கு அனுப்ப வேண்டும், வழியில் என்ன நடக்குமென்று சொல்ல முடியாது என்றார். அக்கா தரையில் கையைப் பிடித்துக்கொண்டு அழ, அத்தானைக் கட்டிவைத்திருக்க, மாரிமுத்து பொறுக்க மாட்டாமல் டொக்டரின் பின்னால் ஓடினான்.

"சேர், இவர் குடிப்பார். ஒவ்வொரு நாளும் குடிப்பார். நான்தான் குடுத்தன். காப்போடயும் குடுத்தன்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். பாக்கியத்துக்கும் கேட்டது.

டொக்டர் அவனைத் திட்டினாராம். திட்டிக்கொண்டே மருந்தை மாற்ற ஓடினார். அமைதிப்படுத்தும் மருந்தும் ஒரு விற்றமின் ஊசியும் ஏற்றினார்கள். ஒன்றரை நாளில் சுவர் சுவராகத் தெரிந்தது.

தெளிந்த பிறகு டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு எனக்குச் சொன்னதை, என்னிடம் விசாரிப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தினமும் குடிப்பது பிறஷரை மெல்ல மெல்ல ஏற்றி, குழாய்களைக் கெடுத்து வைக்கும். ஒரேயடியாக நிறையக் குடித்தால் இதயம் தாளம் தப்பி அடிக்கும். தாளம் தப்பினால் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் குழாயை அடைக்கும். குடிக்காதவர்களுக்கும் பாரிசவாதம் வரும், ஆனால் நீங்கள் அதற்கு வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்றார். குளிசையை விட்டது இன்னொரு கதவு. கடைசியாக, பழகிய மூளைக்குத் திடீரென்று சாராயம் நின்றால் அது வெறிகொள்ளும், முன்பே தெரிந்திருந்தால் முதல் நாளே மருந்து தந்திருப்போம், ஒன்றும் நடந்திருக்காது என்றார்.

பாக்கியம் கையில் மாவுக்கட்டோடு பக்கத்தில் நின்றாள். டொக்டர் அவளைப் பார்த்து, ஆறுதலாகச் சிங்களத்தில் சொன்னார்: "நான் அவரிடம் கேட்டேன். ஆனால் இந்த நோயில் கேள்வி விளங்காது. ஓமும் இல்லையும் மாறிப்போகும். அவரைக் குறை சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்தார்கள். கட்டிதான் அடைத்திருந்தது. பாக்கியத்தின் தங்கக் காப்பு இரண்டும் அதற்கும் வான் கூலிக்கும் போயின. திரும்பி வந்தபோது ஹனீபாவின் வாப்பா கட்டிலில் இல்லை. மௌத்தாகி, அடக்கமும் முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. படுத்தபடி குடிக்கத் தோதாக அவர் வைத்திருந்த மூக்குக் கோப்பையை, "அந்த சேருக்குக் குடுங்க மிஸ்," என்று நேர்ஸிடம் கொடுத்துவிட்டு ஹனீபா போயிருந்தான்.

பாக்கியம் தினமும் வந்தாள். இடதுகையால் ஊட்டினாள், பாதி கீழே சிந்தும். காப்புக் கட்டியதைப் பற்றியோ குடியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மாரிமுத்துவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். நானோ பேசப் பழகிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவை இரண்டு சொற்கள்: ஓம், இல்ல. வேறு எதுவும் வரவில்லை. வாழ்நாள் முழுதும் பேச்சால் சமாளித்தவனுக்கு அந்த இரண்டு சொற்கள்தான் மிஞ்சின.

ஒரு பிற்பகல், ஊட்டி முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"உங்ககிட்டக் கேக்கணும். ஓம் இல்ல சொன்னாப் போதும்."

நான் பார்த்தேன்.

"தம்பி சொன்னது மெய்யா? காப்போட குடிச்சீங்களா?"

"ஓம்."

"இந்த வருசம் மட்டுமா?"

"இல்ல."

"எல்லா வருசமும்?"

"ஓம்."

அவள் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் இன்னும் நாட்டை விட்டுப் போகவில்லை, கொழும்பில்தான் இருந்தான். அவள் எதைக் கணக்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். கடைசியாகக் கேட்டாள்:

"அண்டைக்கு டொக்டர் குனிஞ்சு கேக்கக்குள்ள, அவர் கேட்டது உங்களுக்கு வெளங்கினதா?"

அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. டொக்டர் திறந்துவிட்டுப் போன வழி அது. அவள் அதை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் என்னிடம் இருந்த இரண்டு சொற்களும் எனக்கு மாறவில்லை. எது எதற்கென்று நன்றாகத் தெரியும்.

"இல்ல," என்றேன்.

"அப்ப சரி," என்றாள். சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். நேர்த்தி கெட்டுவிட்டது என்று பூசாரியிடம் சொல்லி, அடுத்த ஆடியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுக் கோயில் வீதியைச் சுற்றினாள். வலதுகையை ஊன்ற முடியாமல் ஒரு பக்கமாகவே சரிந்து விழுந்து எழும்பினாள். மகன் பிறகு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். கை கோணலாகப் பொருந்தியது. தேங்காய் துருவ அவளால் முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. நான் குடியை விட்டேன். இடதுகையால் துருவக் கற்றுக்கொண்டேன். ஊரில் யாராவது அவள் கையைப் பார்த்து, மாஸ்டர் செய்த வேலை என்று சாடை பேசினால், உடனே மறிப்பாள். "குடிச்சது அவர்ர பிழைதான். நான் இல்லையென்டு சொல்லல்ல. ஆனா கைக்கு அவர் என்ன செய்வார்? டொக்டர் கேட்டது அவருக்கு வெளங்கல்ல. வெளங்கியிருந்தா சொல்லியிருப்பார்."

அதை அவள் தன் மகனிடம் சொன்னாள், பேரப்பிள்ளைகளிடம் சொன்னாள். கடைசி நாட்களில் அவளைப் பார்க்க வந்த நேர்ஸிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது எனக்கு எல்லாச் சொற்களும் திரும்பி வந்திருந்தன. சொல்லவில்லை. போன மாசியில் போய்விட்டாள்.

பாக்கியம், எனக்கு விளங்கியது.